மேலியபிள் வார்ப்பிரும்பு: வெள்ளையாக வார்த்து, வேகவைத்து எடுப்பது எப்படி

ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் ஜிஐ எல்போ ஒன்று வாங்கி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள். நல்ல சரக்கென்றால் வாய் நசுங்கும், கோணும், ஆனால் சட்டென்று உடையாது. அதே கனத்தில் சாதாரண சி.ஐ. (காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பிரும்பு) துண்டு இரண்டு அடியில் சில்லுசில்லாகும். இரண்டும் வார்ப்பிரும்புதான். எல்போ மேலியபிள். மோல்டிலிருந்து வந்த அன்று அது சி.ஐ.யைவிட மோசமாக, கண்ணாடி போல உடையும் நிலையில் இருந்தது. ஒன்றரை நாள் உலையில் இருந்த பிறகுதான் இந்தக் குணம் வந்தது.

இந்த வழிகாட்டி, இண்டக்‌ஷன் உலை வைத்திருக்கும் சிறிய ஃபவுண்டரி ஒன்று பைப் ஃபிட்டிங் அளவிலான பிளாக்ஹார்ட் மேலியபிள் வார்ப்புகளைச் செய்வதற்கானது. ஸ்க்ராப் பிரிப்பதிலிருந்து கால்வனைசிங் வரை வரிசையாகப் போகிறது.

உள்ளே நடப்பது என்ன

வார்ப்பிரும்பின் குணத்தைத் தீர்மானிப்பது, அதிலுள்ள கார்பன் எந்த வடிவில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். சாதாரண சி.ஐ.யான கிரே அயர்னில் அது மெல்லிய கிராஃபைட் தகடுகளாகக் கிடக்கும். ஒவ்வொரு தகடும் ஒரு விரிசலுக்குச் சமம். எஸ்.ஜி. அயர்னில் (உருண்டை கிராஃபைட் வார்ப்பிரும்பு) மக்னீசியத்தின் தயவால் உருண்டையாக இருக்கும். வெள்ளை வார்ப்பிரும்பில் கார்பன் தனியாகவே இருக்காது. மூன்று இரும்பணுவுக்கு ஒரு கார்பன் அணு என்ற கணக்கில் பிணைந்து சிமென்டைட்டாக இருக்கும். சிமென்டைட் கடினமானது, துளியும் வளையாது. உடைத்துப் பார்த்தால் முறிவு வெள்ளியாகப் பளபளக்கும், பெயர் அதனால்தான்.

மேலியபிள் என்பது இந்த வெள்ளை வார்ப்பை 900 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வைத்து, சிமென்டைட்டைச் சிதைப்பது. இந்தச் சூட்டு வேலைக்கு அனீலிங் என்று பெயர். வெளியேறும் கார்பன் திட உலோகத்துக்குள்ளேயே நகர்ந்து, அங்கங்கே சோளப்பொரி போல ஒழுங்கற்ற உருண்டைகளாகத் திரளும். இதற்கு டெம்பர் கார்பன் என்று பெயர். சுற்றிலும் மிஞ்சுவது ஃபெரைட், அதாவது கார்பன் ஏறக்குறைய இல்லாத மென்மையான இரும்பு. தகடு இல்லை, அதனால் விரிசலுக்கு வழி இல்லை.

சீனாவில் கி.மு. காலத்திலேயே வார்ப்பிரும்புக் கருவிகளைச் சூட்டில் வைத்துப் பதப்படுத்தியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் ரெயோமூர் 1722-இல் இதைப் பற்றி எழுதினார். அவர் முறையில் வார்ப்பை இரும்புத் தாதுவில் புதைத்துச் சுட்டு, கார்பனை வெளியே எரித்துவிடுவார்கள். முறிவு எஃகு போல வெளுத்திருக்கும் என்பதால் அது வொய்ட்ஹார்ட். அமெரிக்காவின் நியூவார்க்கில் சேத் பாய்டன் 1826-இல் அதையே செய்ய முயன்றபோது உள்ளே கறுத்த முறிவு வந்தது, ஆனால் வார்ப்பு நன்றாக வளைந்தது. கார்பனை வெளியேற்றாமலே மென்மையாக்கலாம் என்பது அப்படித்தான் தெரியவந்தது. அதுதான் பிளாக்ஹார்ட். 1831-இல் அவர் காப்புரிமை வாங்கினார்.

எந்த வார்ப்புக்கு இது பொருந்தும்

முதலில் கேட்க வேண்டியது சுவரின் கனம். வார்ப்பு முழுக்க வெள்ளையாக உறைய வேண்டும். கனமான இடம் மெதுவாக உறையும், மெதுவாக உறைந்தால் கிராஃபைட் பிறந்துவிடும். 3 முதல் 20 மி.மீ. வரை வசதியான எல்லை. 40 மி.மீ. தாண்டினால் எஸ்.ஜி. அயர்னுக்குப் போய்விடுங்கள். எஸ்.ஜி. வந்தது 1948-இல், அதற்குப் பிறகு மேலியபிளின் பெரிய வேலைகளை எல்லாம் அது எடுத்துக்கொண்டது. ஆனால் மெல்லிய சுவரில் எஸ்.ஜி.க்கு ஒரு சங்கடம் உண்டு: வேகமாக உறைந்து அங்கங்கே கார்பைடு (சிமென்டைட் போன்ற கடினப் பொருள்) நிற்கும். மேலியபிளுக்கு மெல்லிய சுவர்தான் சொந்த வீடு. ஃபிட்டிங், கிளாம்ப், மின்கம்ப இன்சுலேட்டர் தொப்பி, செயின் லிங்க் என மெல்லிசான, அடிபடுகிற, மரை போடுகிற சாமான்களில் அது இன்னும் நிற்பது இதனால்தான்.

படி 1: கலவை

மேலியபிள் செய்பவர்களின் தலைவலி முழுவதும் சிலிக்கானைச் சுற்றித்தான். மோல்டில் வார்ப்பு வெள்ளையாக உறைய வேண்டும். அதற்குச் சிலிக்கான் குறைவாக இருக்க வேண்டும். உலையில் சிமென்டைட் சீக்கிரம் சிதைய வேண்டும். அதற்குச் சிலிக்கான் அதிகமாக இருக்க வேண்டும். இந்த இழுபறியில் நிற்க இடம் மிகக் குறுகல். அனீலிங் உலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கலவையில் செய்த தவறை அது சரிசெய்யாது.

5 முதல் 8 மி.மீ. சுவருள்ள ஃபிட்டிங்குக்கு இலக்கு:

கார்பன் 2.45–2.60
சிலிக்கான் 1.35–1.45
மாங்கனீஸ் 0.25–0.35
சல்ஃபர் 0.06–0.10
பாஸ்பரஸ் 0.05-க்குள்
குரோமியம் 0.03-க்குள்

எல்லாம் சதவீதம். சுவர் 20 மி.மீ. பக்கம் போனால் கார்பனை 2.4-க்கும் சிலிக்கானை 1.2 அருகிலும் இறக்குங்கள்.

மாங்கனீஸையும் சல்ஃபரையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. சல்ஃபர் சும்மா விட்டால் சிமென்டைட்டைச் சிதைய விடாமல் பிடித்துக்கொள்ளும். மாங்கனீஸ் அதனுடன் சேர்ந்து மாங்கனீஸ் சல்ஃபைடாக ஒதுங்கும். கணக்கு இது: சல்ஃபரை 1.7-ஆல் பெருக்கி 0.15 கூட்டுங்கள். சல்ஃபர் 0.08 என்றால் மாங்கனீஸ் 0.286, அதாவது 0.29 தேவை. இதற்குக் கீழே போனால் அனீலிங்கின் முதல் கட்டம் இழுக்கும். வெகுவாக மேலே போனால் இரண்டாம் கட்டத்தில் பியர்லைட் (ஃபெரைட்டும் சிமென்டைட்டும் அடுக்கடுக்காகக் கலந்த கடினப் பகுதி) கரையாமல் அடம்பிடிக்கும். கோக் எரித்து உருக்கிய குபோலா உலைக் காலத்தில் கோக்கிலிருந்து சல்ஃபர் தாராளமாக வந்தது. இண்டக்‌ஷன் உலையில் எஃகு ஸ்க்ராப் மட்டும் போட்டால் நிலைமை தலைகீழ்: சல்ஃபர் குறைவு, மாங்கனீஸ் மிச்சம். ஆகவே கம்பி, ஆங்கிள் ஸ்க்ராப்பை விட்டு, பிரஸ் ஷாப்பில் வெட்டுப்படும் மென்தகடு பண்டலை வாங்குங்கள். அதில் மாங்கனீஸ் பொதுவாக 0.2–0.35-க்குள் இருக்கும்.

குரோமியம்தான் ஊமைக் கொலையாளி. 18 சதவீதக் குரோமியம் உள்ள ஸ்டெயின்லெஸ் துண்டு ஒன்று, ஒரே ஒரு கிலோ, 500 கிலோ உலைக்குள் விழுந்தால் குரோமியம் 0.036 சதவீதம் ஏறிவிடும். அதுவே எல்லையைத் தாண்டிவிட்டது. பால் பேரிங் பத்து கிலோ விழுந்தாலும் கிட்டத்தட்ட அதே கதி. ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, பிடித்துவிடலாம். பேரிங் ஒட்டும், கண்ணால்தான் பொறுக்க வேண்டும். ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் ஒவ்வொரு ஹீட்டிலும் (ஒரு தடவை உருக்கும் உருகல்) குரோமியத்தைப் பார்த்த பிறகே ஊற்றுங்கள். எஸ்.ஜி. ரிட்டர்ன்ஸ் (வார்ப்பிலிருந்து ஒடித்தெடுத்து மறுபடி உருக்கும் மிச்சம்), கிரே அயர்ன் துண்டு, அலுமினியம் ஒட்டிய ஸ்க்ராப் எதுவும் இந்தக் குவியல் பக்கமே வரக் கூடாது. அலுமினியம் கொஞ்சம் கலந்தாலும் வார்ப்பின் தோலுக்கடியில் ஊசித்துளை வரும்.

படி 2: சார்ஜ் கணக்கு

500 கிலோ உலை. மேலியபிளில் ரைசரும் (சுருங்கும் வார்ப்புக்கு உருகலை ஊட்டும் பக்கக் கட்டி) ரன்னரும் (உருகல் ஓடிவரும் வாய்க்கால்) எடையில் பாதியைத் தின்னும். அதனால் 250 கிலோ சொந்த ரிட்டர்ன்ஸ், 250 கிலோ எஃகு என்பது இயல்பான விகிதம். ரிட்டர்ன்ஸ் ஏற்கெனவே இலக்குக் கலவையில் இருக்கிறது; எஃகைத்தான் ஏற்ற வேண்டும்.

கார்பன்: எஃகில் 0.15, வேண்டியது 2.5. வித்தியாசம் 2.35 சதவீதம், 250 கிலோவுக்கு 5.875 கிலோ. கார்புரைசரில் (கார்பன் ஏற்றப் போடும் தூள்) 98 சதவீதம் கார்பன், அதில் 88 சதவீதம் கரைகிறது என்று வைத்தால் 6.8 கிலோ போட வேண்டும்.

சிலிக்கான்: எஃகில் 0.2, வேண்டியது 1.4. வித்தியாசத்துக்கு 3 கிலோ சிலிக்கான். 75 சதவீத ஃபெரோசிலிக்கான், 90 சதவீதம் சேரும் என்றால் 4.4 கிலோ.

சல்ஃபர்: ரிட்டர்ன்ஸில் 0.08, எஃகில் 0.03 என்றால் சராசரி 0.055. குறையும் 0.025-க்கு 125 கிராம் சல்ஃபர். இரும்பு சல்ஃபைடாகப் போட்டால் 350 முதல் 400 கிராம்.

கரையும் விகிதம் உலைக்கு உலை மாறும். முதல் பத்து ஹீட்டின் கணக்கை எழுதி வைத்து, உங்கள் உலைக்கான எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். கார்புரைசரை முதல் சார்ஜோடு அடியில் போடுங்கள். மேலே தூவினால் பாதி கசடோடு போகும். ஃபெரோசிலிக்கானைக் கடைசியில் போடுங்கள். சிலிக்கான் ஏறிய உருகலில் கார்பன் கரையத் தயங்கும்.

ஈரமான ஸ்க்ராப்பும் இரண்டு பக்கமும் அடைத்த குழாயும் உருகலில் விழுந்தால் வெடிக்கும். இதைச் சார்ஜ் போடுபவருக்கு ஒரு தடவை சொன்னால் போதாது.

படி 3: பேட்டர்னும் மோல்டும்

வெள்ளை இரும்பு உறைந்து ஆறும்போது சுமார் 2 சதவீதம் சுருங்கும். அனீலிங்கில் சிமென்டைட் சிதைந்து கிராஃபைட் பிறக்கும்போது சுமார் 1 சதவீதம் திரும்பப் பெருக்கும். நிகரம் 1 சதவீதம். முடிந்த சாமான் 100 மி.மீ. வேண்டுமென்றால் பேட்டர்ன் 101. மோல்டிலிருந்து வரும்போது 99 இருக்கும். அதை அளந்து பார்த்து பேட்டர்ன் தப்பு என்று திருத்திவிடாதீர்கள். ஒரு சுற்று அனீலிங் முடித்து அளந்த பிறகுதான் பேட்டர்னில் கை வைக்க வேண்டும்.

கிரே அயர்ன் பழகிய கைக்கு ரைசர்தான் முதல் அதிர்ச்சி. அங்கே உறையும்போது கிராஃபைட் விரிந்து சுருக்கத்தைப் பெருமளவு ஈடுசெய்யும். இங்கே அந்த உதவி துளியும் இல்லை. எல்போவின் வாய் வளையம், டீயின் நடுச் சந்திப்பு என்று கனத்த இடம் ஒவ்வொன்றுக்கும் சூடான ரைசர் தேவை. உருகிய இரும்பு ரைசர் வழியாகவே வார்ப்புக்குள் போகும்படி கேட் (நுழைவாய்) அமைத்தால் ரைசர் கடைசிவரை சூடாக இருக்கும். ரைசர் கழுத்தில் ஒரு வெட்டு விடுங்கள்: வார்ப்பிலிருந்து 2–3 மி.மீ. தள்ளி. சுத்தியலில் தட்டும்போது அந்த இடத்தில்தான் ஒடிய வேண்டும். கழுத்தை ஒட்டி வெட்டு விட்டால் ஒடியும்போது வார்ப்பின் சதையையும் பிய்த்துக்கொண்டு போகும்.

கிரீன் சாண்ட் (களிமண் கலந்த ஈர மணல்) போதும், ஈரம் 3 முதல் 3.5 சதவீதம். வார்ப்பின் உள்துளையை உருவாக்கும் மணல் கட்டியான கோர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வெள்ளை இரும்பு சுருங்கும்போது கோர் விட்டுக்கொடுக்காவிட்டால் எல்போவின் உள் வளைவில் சூட்டு விரிசல் விழும். ரெசின் பூசிய மணலைச் சுட்டுச் செய்யும் ஷெல் கோர் நல்லது. இரும்பு பட்டதும் அதன் ரெசின் எரிந்து, கோர் தளர்ந்துவிடும். சோடியம் சிலிக்கேட் போட்டு இறுகிய கோரில் இந்த விரிசல் அதிகம் வரும்.

படி 4: உருக்கி ஊற்றுதல்

2.5 கார்பன், 1.4 சிலிக்கான் உள்ள இரும்பு சுமார் 1315 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். கிரே அயர்னைவிட நூறு டிகிரிக்கும் மேல் அதிகம். மெல்லிய சுவர் நிறைய வேண்டுமென்றால் மோல்டில் 1430 முதல் 1480-க்குள் ஊற்ற வேண்டும். அதற்கு உலையிலிருந்து 1520 அருகில் எடுக்க வேண்டும். சிலிக்கா லைனிங்கில் 1500-க்கு மேல் உருகலை நிறுத்தி வைத்தால், லைனிங்கிலிருந்து சிலிக்கான் இரும்புக்குள் ஏறும், கார்பன் எரிந்து இறங்கும். அரை மணி நேரம் மோல்டுக்குக் காத்திருந்த உருகலை மறுபடி சோதிக்காமல் ஊற்றாதீர்கள்.

லேடிலில் (உருகலை ஏந்தி ஊற்றும் வாளி) இரண்டு சேர்க்கை. ஒன்று பிஸ்மத், உறையும்போது கிராஃபைட் பிறப்பதைத் தடுக்கும். 100 கிலோ லேடிலுக்கு 10 கிராம், காகிதப் பொட்டலமாக லேடில் அடியில். இன்னொன்று போரான்; அனீலிங்கில் சிமென்டைட் சிதைவதை வேகப்படுத்தும். இலக்கு 0.002 சதவீதம். 18 சதவீத ஃபெரோபோரானில் 100 கிலோவுக்கு 11 கிராம். ஒன்று மோல்டுக்காக, மற்றது உலைக்காக. சிலிக்கானால் தனியாகச் சமாளிக்க முடியாத இழுபறியை இந்த ஜோடி சமாளிக்கும்.

போரானைக் கண்மட்டத்தில் போடாதீர்கள். 0.0035 தாண்டினால் அதுவே கார்பைடைப் பிடித்து வைக்கும், டெம்பர் கார்பன் வரிசை வரிசையாக நிற்கும், முறிவு அந்த வரிசையிலேயே ஓடும். தராசு கிராம் காட்ட வேண்டும். பிஸ்மத் ஆவியாகிப் போகிற பொருள். பத்து நிமிடத்துக்குள் லேடிலைக் காலி செய்துவிடுங்கள். பிஸ்மத்துக்குப் பதில் டெல்லூரியம் போடுகிறவர்களும் உண்டு. மிகச் சிறு அளவிலேயே வேலை செய்யும். ஆனால் அதன் புகையைச் சுவாசித்தவரின் மூச்சில் பல நாள் பூண்டு நாற்றம் வீசும், நச்சும்கூட. பிஸ்மத் கிடைக்கும்போது அது தேவையில்லை.

படி 5: முறிவுச் சோதனை

ஒவ்வொரு லேடிலுக்கும் முன்னால், உங்கள் வார்ப்பின் மிகக் கனமான இடத்தைவிடச் சற்றுப் பெரிய விட்டத்தில், 30 மி.மீ. என்று வையுங்கள், ஒரு உருளையை மணல் அச்சில் ஊற்றுங்கள். மங்கிய சிவப்புக்கு ஆறியதும் தண்ணீரில் போட்டு, சுத்தியலால் இரண்டாக உடையுங்கள்.

முறிவு விளிம்பிலிருந்து நடுவரை ஒரே வெள்ளை, ஊசி ஊசியாகப் படிகம் தெரிகிறது என்றால் ஊற்றலாம். நடுவில் மிளகுத்தூள் தூவியது போலச் சாம்பல் புள்ளிகள் இருந்தால் அதற்கு ‘மாட்டில்’ (mottle) என்று பெயர். கார்பன் அல்லது சிலிக்கான் அதிகம், இல்லை பிஸ்மத் போய்விட்டது. கொஞ்சம் எஃகு போட்டுக் கலவையை இறக்கி, மறுபடி உருளை ஊற்றிப் பாருங்கள். இப்படி உறையும்போது பிறந்த கிராஃபைட் தகடாகத்தான் இருக்கும்; எத்தனை மணி நேரம் உலையில் வைத்தாலும் தகடு பொரியாக மாறாது. அந்த வார்ப்பு சாமானாகி, வீட்டுச் சுவருக்குள் போய், பைப் ரெஞ்ச் போட்டு இறுக்கும்போது உடையும். இந்தச் சோதனைக்கு மூன்று நிமிடம்தான் ஆகும்.

படி 6: உடைத்துப் பிரித்தல்

மோல்டைச் சிவப்புச் சூட்டில் உடைக்காதீர்கள். வெள்ளை இரும்பு திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும்; தண்ணீர் தெளிப்பது இன்னும் மோசம். ஆறியபின் ரைசரையும் கேட்டையும் தட்டினாலே உதிரும். இந்த உலோகத்தின் ஒரே சௌகரியம் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒடிந்த ரைசர் கழுத்துகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். அவை இலவச முறிவுச் சோதனைகள். சாம்பல் தெரிகிற தட்டை அப்படியே ஒதுக்குங்கள். விரிசல், நிறையாத வாய், கோர் நகர்ந்த சுவர் எல்லாவற்றையும் இங்கேயே கழித்துவிட வேண்டும். இப்போது கழித்தால் ரிட்டர்ன்ஸ். அனீலிங்குக்குப் பின் கழித்தால் கரண்ட் செலவும் சேர்ந்து நஷ்டம்.

லேசாக ஷாட் பிளாஸ்ட் செய்து மணலை எடுத்துவிடுங்கள். ஒட்டிய மணல் அனீலிங்கில் சுட்டு இறுகி, பிறகு மரை போடும் டேப்பைத் தின்னும்.

படி 7: அனீலிங்

நைட்ரஜன் போன்ற காப்பு வாயு ஓடும் உலை இருந்தால் வார்ப்பைத் தட்டுகளில் அப்படியே அடுக்கலாம். இல்லையென்றால் மூடியுள்ள வார்ப்பிரும்புப் பெட்டியில், மணலோ நொறுக்கிய கசடோ சுற்றிலும் நிரப்பி, மூடியைக் களிமண்ணால் பூச வேண்டும். நிரப்புவது காற்றைத் தடுக்க மட்டுமல்ல. 950 டிகிரியில் எல்போ தன் எடையிலேயே தொய்யும். மணல் அதைத் தாங்கும். கனமானவை அடியில், மெல்லியவை மேலே.

சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் உலைச் சுவரில் மட்டும் இருந்தால் அந்த எண் பொய். ஒன்றைப் பெட்டிக் குவியலின் நடுவில், இன்னொன்றைக் கதவோரத்தில் வையுங்கள். சுவர் 940 காட்டும்போது நடு 750-இல் இருக்கலாம். நேரக் கணக்கு, மிகக் குளிர்ந்த தெர்மோகப்பிள் 930 தொட்ட நிமிடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சூடேற்றுவது 5 முதல் 6 மணி நேரம். வழியில் 400 அருகில் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் கார்பன் உருண்டைகளின் எண்ணிக்கை கூடும். எண்ணிக்கை கூடினால் கார்பன் நடக்க வேண்டிய தூரம் குறையும். பின்னால் வரும் இரண்டு கட்டமும் சுருங்கும்.

முதல் கட்டம்: 940–950 டிகிரி, 10 மணி நேரம். இங்கே பெரிய சிமென்டைட் எல்லாம் சிதைகிறது. 980-க்கு மேல் ஏற்றி நேரத்தைக் குறைக்கலாம் என்று தோன்றும். உருண்டைகள் குறைந்து பெருத்துப் போகும், வார்ப்பு கோணும், வேண்டாம்.

இடைப்பட்ட குளிர்ச்சி: 950-லிருந்து 760-க்கு இரண்டு மணி நேரத்தில். இங்கே மெதுவாகப் போவதில் லாபமில்லை.

இரண்டாம் கட்டம்: 760-லிருந்து 690 வரை மணிக்கு 5 டிகிரி. 70 டிகிரிக்கு 14 மணி நேரம். முதல் கட்டம் முடிந்தபோது ஆஸ்டினைட்டில் (அந்தச் சூட்டில் இரும்பு இருக்கும் வடிவம்) சுமார் ஒரு சதவீதத்துக்கு மேல் கார்பன் கரைந்தே இருக்கிறது. அது முழுவதும் உருண்டைகளுக்கு நடந்து போய்ச் சேர வேண்டும். அவசரப்பட்டால் போகிற வழியிலேயே மாட்டிக்கொண்டு பியர்லைட்டாகும். பழுதான ஹீட்டுகளில் பெரும்பாலானவை இந்த 70 டிகிரியில்தான் பழுதாகின்றன. இரவில் ஆபரேட்டர் தூங்கியதாலோ, கரண்ட் போய் உலை தானாகக் குளிர்ந்ததாலோ நடக்கும். கரண்ட் போனால் பதற வேண்டாம்: திரும்ப 760-க்கு ஏற்றி, ஒரு மணி நேரம் நிறுத்தி, சரிவை முதலிலிருந்து ஓட்டினால் போதும். முதல் கட்டத்தை மறுபடி செய்யத் தேவையில்லை.

690 தாண்டியபின் 650 வரை உலையில் விட்டு, அங்கிருந்து வெளியே எடுத்துக் காற்றில் ஆற்றுங்கள். 650-இல் எடுப்பதற்குக் காரணம் கால்வனைசிங்கில் தெரியும்.

படி 8: சோதனையும் பழுது கண்டுபிடித்தலும்

ஒவ்வொரு பெட்டியின் நடுவிலிருந்தும் மூலையிலிருந்தும் ஒன்றிரண்டு எடுங்கள். பிரினெல் கடினம் 110 முதல் 150 இருக்க வேண்டும். பிறகு ஒன்றை வைஸில் பிடித்து வாயை நசுக்குங்கள். மூன்றில் ஒரு பங்கு நசுங்கியும் விரிசல் விழாமல் இருந்தால் நல்ல சரக்கு. முழுக்க உடையும்வரை அடித்து, முறிவைப் பாருங்கள். நல்ல பிளாக்ஹார்ட் முறிவு கறுப்பு வெல்வெட் போல மங்கலாக, ஓரத்தில் மெல்லிய வெளிர் கோட்டுடன் இருக்கும்.

கறுப்புக்கு நடுவில் மின்னும் புள்ளிகள்: சிமென்டைட் முழுக்கச் சிதையவில்லை. நேரம் குறைவு, பெட்டி நடு சூடாகவில்லை, அல்லது குரோமியம். முதல் இரண்டுக்கும் முழுச் சுழற்சியை மறுபடி ஓட்டினால் சரியாகும். குரோமியத்துக்கு உலைக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ரிட்டர்ன்ஸாகவும் போடாதீர்கள், அடுத்த ஹீட்டையும் கெடுக்கும்.

முறிவு கறுப்பாக இருந்தும் கடினம் 170, 180 என்று நின்றால் மிச்சப் பியர்லைட். இரண்டாம் கட்டத்தை மட்டும் மறுபடி ஓட்டுங்கள்.

சுற்றிலும் ஒன்றிரண்டு மி.மீ. அகலத்தில் பளிச்சென்ற சட்டம், நடுவில் கறுப்பு, படத்துக்கு ஃபிரேம் போட்டது போல இருந்தால்: உலைக்குள் காற்றோ ஈரமோ புகுந்திருக்கிறது. மேல்தோலில் கார்பன் எரிந்ததால் அங்கே உருண்டைகள் அரிதாகிவிட்டன. மிச்சக் கார்பன் போய்ச் சேர இடமில்லாமல் பியர்லைட்டாக நின்றுவிட்டது. மரை போடும்போது டேப் முனை மழுங்குவதுதான் பெரும்பாலும் முதல் தகவல். கதவு சீலையும் மூடியின் களிமண் பூச்சையும் பாருங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு துண்டைப் பாலிஷ் செய்து நைட்டலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) தோய்த்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். பியர்லைட் கறுத்துத் தெரியும். கார்பைடும் ஃபெரைட்டும் இரண்டுமே வெள்ளை, ஏமாற்றும். கார்பைடு கூர்மையான ஓரத்தோடு தீவாக நிற்கும்.

இழுவிசைச் சோதனைக்குத் தனித் துண்டுகள் அதே ஹீட்டில் ஊற்றி, அதே பெட்டியில் வைக்க வேண்டும். பிளாக்ஹார்ட் 350-10 தரம் என்றால் 350 மெகாபாஸ்கல் இழுவலிமை, 10 சதவீத நீட்சி. இந்தியத் தரநிலை ஐஎஸ் 14329. ஃபிட்டிங்குக்குத் தனியாக ஐஎஸ் 1879.

படி 9: கால்வனைசிங், மரை

இங்கேதான் புரியாத ஒரு பழுது வரும். அனீலிங் முடிந்து நசுக்கினால் நன்றாக வளைந்த எல்போ, 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்தபின் படீரென்று உடையும். துத்தநாகம் கெட்டது என்று கால்வனைசிங்காரரோடு சண்டை நடக்கும். குற்றம் பெரும்பாலும் வார்ப்பில்தான். பாஸ்பரசும் சிலிக்கானும் அதிகமுள்ள ஃபெரைட், 450 அருகில் சூடு பட்டால் படிக எல்லைகளில் பலவீனமாகும். பாஸ்பரஸை 0.05-க்குள் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அது கைமீறிப் போயிருந்தால் மருந்து ஒன்று உண்டு: வார்ப்பை 650-க்குச் சூடேற்றி நேரே தண்ணீரில் போட்டுவிட்டுப் பிறகு துத்தநாகத்தில் முக்குங்கள். 650-லிருந்து வேகமாகக் குளிர்ந்த வார்ப்பு அந்தச் சூட்டுக்கு அசையாது. அனீலிங் உலையிலிருந்து 650-இல் வெளியே எடுப்பதும் இதன் லேசான வடிவம்தான்.

கோணிய வார்ப்பைக் குளிர்நிலையிலேயே பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தலாம், ஆனால் கால்வனைசிங்குக்கு முன்னால். உள்மரையைக் கால்வனைசிங்குக்குப் பின்னால் போடுங்கள். முன்பே போட்டால் மரைக்குள் துத்தநாகம் அடைத்துக்கொள்ளும். கடைசியாக ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். குமிழி எல்போவின் உள்வளைவிலிருந்து வந்தால் ரைசர் போதவில்லை என்று பொருள். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

வேறு வகை வேண்டுமென்றால்

வலிமை அதிகம் தேவைப்படும் கிராங்க், லீவர் போன்றவற்றுக்கு இரண்டாம் கட்டத்தையே விட்டுவிடலாம். முதல் கட்டம் முடிந்து 870-க்கு இறக்கி, காற்று வீசிக் குளிர்வித்து, பிறகு 650–700-இல் டெம்பர் செய்தால் (மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தினால்) பியர்லிட்டிக் மேலியபிள். நீட்சி குறையும், வலிமை ஏறும், தேய்மானம் தாங்கும்.

வொய்ட்ஹார்ட்டுக்குக் கலவையே வேறு: கார்பன் 3 முதல் 3.4, சிலிக்கான் 0.4 முதல் 0.8. கார்பனை வெளியே எரிப்பதால் சுவர் 6 மி.மீ.க்கு மேல் போனால் நடு வேகாது.

பழுதான மேலியபிளை வெல்டிங் செய்யலாமா என்று எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கேட்பார்கள். பிளாக்ஹார்ட்டை வெல்டிங் செய்யக் கூடாது. ஆர்க் பட்ட இடத்தில் டெம்பர் கார்பன் மறுபடி கரைந்து, ஆறும்போது அந்த இடம் திரும்ப வெள்ளை வார்ப்பிரும்பாகிவிடும். வெல்டுக்குப் பக்கத்தில் நூல் பிடித்தது போல உடையும். 700-க்குக் கீழே உருகும் வெள்ளி பிரேசிங் கம்பியால் ஒட்டினால் கார்பன் அசையாது, பிடிக்கும்.